ஒரு தியேட்டர், ஒரு பென்சில், ஒரு நூலகம்: மருத்துவச் செய்தி பரவிய கதை



நமக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் டாக்டரிடம் போகிறோம். டாக்டருக்கே ஒரு சந்தேகம் வந்தால் அவர் எங்கே போவார்? தன் புத்தகத்தைப் புரட்டுவார், சீனியர் டாக்டரைக் கேட்பார். அவருக்கும் தெரியாவிட்டால்? உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒரு மருத்துவர் அதே நோயைப் பார்த்து, மருந்து கொடுத்து, நடந்ததை ஒரு பத்திரிகையில் எழுதி வைத்திருக்கலாம். அந்தக் கட்டுரை நம் டாக்டர் கைக்கு எப்படி வந்து சேரும்?

இன்று "பப்மெட்" என்று தட்டினால் போதும், காசு கேட்காமல் கொட்டுகிறது. மருத்துவம் படிக்கும் நண்பர்களுக்கு அது சோறு தண்ணீர் மாதிரி. அதன் பின்னால் கிட்டத்தட்ட 190 வருஷக் கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தின் கதை அது. அதில் ஒரு போர் உண்டு, ஒரு ஜனாதிபதியின் கொலை நடந்த தியேட்டர் உண்டு, தேடலில் கிடைக்காமல் போன ஒரு செய்தியால் பறிபோன உயிரும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நூலகத்தைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்கள் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஒரு அலமாரியில் தொடக்கம்

1836-ஆம் ஆண்டைத்தான் இந்த நூலகத்தின் பிறந்த வருஷமாகச் சொல்கிறார்கள். அப்போது அது நூலகமே இல்லை. வாஷிங்டனில் அமெரிக்க ராணுவத்தின் தலைமை மருத்துவ அதிகாரி அலுவலகத்தில் இருந்த சில புத்தகங்கள், அவ்வளவுதான். 1840-இல் கையால் எழுதிய பட்டியலில் 130 சொச்சம் தலைப்புகளே இருந்தன. ராணுவ டாக்டர்கள் அவசரத்துக்குப் புரட்டிப் பார்க்க ஒரு அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். காயம்பட்டவர்கள் லட்சக்கணக்கில். போர் முடிந்த சமயத்தில் இந்த அலமாரி ஒரு இளம் ராணுவ மருத்துவரின் பொறுப்பில் வந்தது. அவர் பெயர் ஜான் ஷா பில்லிங்ஸ். இந்தக் கதையின் ஹீரோ என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்ல வேண்டும்.

மாணவனுக்கு வந்த எரிச்சல்

பில்லிங்ஸ் 1838-இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். 1860-இல் ஒஹாயோவில் மருத்துவப் படிப்பை முடிக்கும்போது ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்வதைப் பற்றி எடுத்துக்கொண்டார். இதுவரை உலகில் யார் யார் இதைச் செய்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று தெரிந்தால்தானே எழுத முடியும்? நூலகம் நூலகமாக அலைந்தார். எந்த நூலகத்திலும் முழுதாகக் கிடைக்கவில்லை. புத்தகம் இருந்தாலும் அதில் தனக்கு வேண்டியது எந்தப் பக்கத்தில் என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

அசைன்மெண்ட் எழுதும் யாருக்கும் இந்த எரிச்சல் புரியும். நாம் அத்தோடு புலம்பிவிட்டு விட்டுவிடுவோம். பில்லிங்ஸ் விடவில்லை. நாட்டில் ஒரு இடத்திலாவது எல்லா மருத்துவ நூல்களும் இருக்க வேண்டும், அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு பட்டியலும் வேண்டும் என்ற எண்ணம் தனக்கு அப்போதுதான் வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நடுவில் போர் வந்தது. கெட்டிஸ்பர்க் போர்க்களம் வரை போய் அறுவை சிகிச்சை செய்தார். போர் முடிந்ததும் அந்தப் பழைய ஆசைக்கு வழி பிறந்தது.

வழி எப்படிப் பிறந்தது என்பது சுவாரசியம். போர்க்கால ராணுவ மருத்துவமனைகள் மூடப்பட்டபோது அவற்றின் கணக்கில் சுமார் 80,000 டாலர் மிச்சம் இருந்தது. அந்தப் பணம் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கத் திருப்பிவிடப்பட்டது. காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஒதுக்கிய பணத்தில் மிஞ்சியதுதான் உலகின் மிகப் பெரிய மருத்துவ நூலகத்துக்கு முதல் போட்டது.

லிங்கன் சுடப்பட்ட இடத்தில்

1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கன் ஃபோர்ட்ஸ் தியேட்டரில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அதன்பிறகு அங்கே நாடகம் நடத்துவதை மக்கள் விரும்பவில்லை. அரசாங்கம் கட்டிடத்தை வாங்கி, உள்ளே மாடிகள் எழுப்பி அலுவலகமாக்கியது. ராணுவ மருத்துவ அருங்காட்சியகமும் நூலகமும் அங்கேதான் குடியேறின. 1887 வரை, சுமார் இருபது வருஷம், பில்லிங்ஸின் நூலகம் அங்கே வளர்ந்தது.

பணம் மட்டும் வைத்து நூலகத்தை வளர்க்க முடியாது என்று பில்லிங்ஸுக்குத் தெரியும். பழைய மருத்துவப் பத்திரிகைகளைக் கடையில் வாங்க முடியாது. அவை டாக்டர்களின் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும். எனவே கடிதம் எழுத ஆரம்பித்தார். உள்ளூர் டாக்டர்கள், மருத்துவச் சங்கங்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வெளிநாட்டில் இருந்த அமெரிக்கத் தூதர்கள் என்று யாரையும் விடவில்லை. உங்களிடம் இந்த இதழ் இருக்கிறதா, இரண்டு பிரதி இருந்தால் ஒன்று தருவீர்களா, பதிலுக்கு எங்களிடம் அதிகப்படியாக உள்ளதைத் தருகிறோம் என்று கேட்டார். மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன. 1865-இல் சுமார் 2,000 நூல்களாக இருந்தது, 1895-இல் அவர் ஓய்வு பெற்றபோது ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. சிறு வெளியீடுகள் அதற்கும் மேல். அரசாங்கத்தின் நூலகம்தான். ஆனால் அதை நிரப்பியதில் ஊர் ஊராக இருந்த சாதாரண டாக்டர்களின் கை பெரியது.

1887-இல் நூலகம் புதிய செங்கல் கட்டிடத்துக்கு மாறியது. பழைய தியேட்டர் கட்டிடத்தில் வேறு அரசு அலுவலகம் தொடர்ந்தது. 1893 ஜூன் 9 அன்று மின்சார வேலைக்காக அடித்தளத்தில் தோண்டிக்கொண்டிருந்தபோது உள்மாடிகள் சரிந்து விழுந்து 22 ஊழியர்கள் இறந்துபோனார்கள். (லிங்கனைச் சுட்டவனின் அண்ணனும் புகழ்பெற்ற நடிகருமான எட்வின் பூத்தின் இறுதிச் சடங்கும் அதே நாளில் நடந்தது என்பது ஒரு விசித்திரமான ஒற்றுமை.) ஆறு வருஷம் முன்பு நூலகம் மாறியிராவிட்டால், அந்த நூல்களும் அவற்றைக் காத்தவர்களும் என்ன ஆகியிருப்பார்களோ!

பென்சிலால் ஒரு தேடுபொறி

புத்தகம் சேர்ந்துவிட்டது. "எங்கே என்ன இருக்கிறது?" என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

பில்லிங்ஸ் செய்த முறை எளிமையானது. வரும் பத்திரிகைகளை மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போவார். முக்கியமான கட்டுரைகளைப் பென்சிலால் குறிப்பார். மறுநாள் குமாஸ்தாக்கள் அவற்றைக் கார்டுகளில் எழுதுவார்கள். கார்டுகளை நோய் வாரியாக, உறுப்பு வாரியாக, ஆசிரியர் வாரியாக அகர வரிசையில் அடுக்குவார்கள். காலரா என்று தேடினால் காலராவைப் பற்றிய புத்தகம் மட்டும் இல்லாமல், பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். இன்றைய தேடுபொறி செய்வதும் அடிப்படையில் இதுவேதான். அன்று இயந்திரம் இல்லை, ஆட்கள் செய்தார்கள்.

இதை அச்சிட நிறையப் பணம் வேண்டும். பணம் தர வேண்டியது நாடாளுமன்றம். பில்லிங்ஸ் சாமர்த்தியக்காரர். 1876-இல் ஒரு மாதிரிப் பகுதியை மட்டும் அச்சிட்டு நாடெங்கும் உள்ள மருத்துவர்களுக்கு அனுப்பினார். இப்படி ஒன்று முழுதாக வந்தால் உங்களுக்குப் பயன்படுமா என்பதுதான் கேள்வி. டாக்டர்களும் மருத்துவச் சங்கங்களும் பணம் ஒதுக்கச் சொல்லித் தங்கள் பிரதிநிதிகளை நெருக்கினார்கள். 1880-இல் "இண்டெக்ஸ் கேட்டலாக்" முதல் தொகுதி வெளிவந்தது. 1895-க்குள் 16 தொகுதிகள். பிறகும் வெவ்வேறு வரிசைகளாக 1961 வரை வந்து மொத்தம் 61 தொகுதிகள் ஆயின.

தொகுதி தொகுதியாக வருவதில் ஒரு சிக்கல். "ஏ" எழுத்துத் தொகுதி வந்த பிறகு ஆஸ்துமா பற்றிப் புதிய கட்டுரை வந்தால், அடுத்த வரிசை வரும்வரை அதற்கு இடம் இல்லை. டாக்டருக்குப் பழைய சரித்திரமும் வேண்டும், இந்த மாதச் செய்தியும் வேண்டும். அதனால் 1879-இல் பில்லிங்ஸும் அவரது சகா ராபர்ட் பிளெட்சரும் "இண்டெக்ஸ் மெடிக்கஸ்" என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். உலகில் அந்த மாதம் என்னென்ன மருத்துவக் கட்டுரைகள் வந்தன என்பதன் பட்டியல் அது. தலைப்புகள்தான். ஆனால் ஒரு கிராமத்து டாக்டருக்கு அதுதான் உலகத்து மருத்துவச் செய்தித்தாள்.

இது அரசாங்க வெளியீடு இல்லை. ஃபிரெடெரிக் லைபோல்ட் என்ற பதிப்பாளர் தன் கைக்காசில் நடத்தினார். சந்தாதாரர்கள் போதவில்லை. நஷ்டத்தோடு நடத்தி 1884-இல் இறந்தும் போனார். இதழ் தட்டுத் தடுமாறி 1899 வரை ஓடி நின்றது. 1903-இல் கார்னெகி நிறுவனம் பணம் கொடுத்து மறுபடி உயிர் கொடுத்தது. எல்லோருக்கும் பயன்படும், யாருக்கும் லாபம் தராத ஒரு காரியத்தை யார் சுமப்பது? 1884-இல் எழுந்த இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

ஒரு கிளைக்கதை. பில்லிங்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வேலை பார்த்தார். அங்கே மலைமலையாகக் குவிந்த தாள்களைப் பார்த்து, இதை இயந்திரத்தால் எண்ண ஒரு வழி இருக்க வேண்டும் என்று ஹெர்மன் ஹாலரித் என்ற இளைஞரிடம் சொன்னாராம். ஹாலரித் துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1890 கணக்கெடுப்பு அதில்தான் நடந்தது. அவர் தொடங்கிய கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்து பின்னாளில் ஐபிஎம் ஆயிற்று. நூலகக் கார்டு அடுக்கியவரின் யோசனை கம்ப்யூட்டர் சரித்திரத்துக்குள் போய்விட்டது பாருங்கள்.

எட்டுப் பேர் கூடிய கூட்டம்

1898 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சின்னக் கூட்டம். நான்கு டாக்டர்கள், நான்கு நூலகர்கள், மொத்தம் எட்டுப் பேர். ஜார்ஜ் கூல்ட் என்ற மருத்துவப் பத்திரிகை ஆசிரியர், புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவ நூலகர் மார்கரெட் சார்ல்டன் ஆகியோர் இந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர்கள். அன்று பிறந்த அமைப்புதான் பிற்பாடு மருத்துவ நூலகச் சங்கம் என்று பெயர் பெற்றது.

இவர்கள் முதலில் கையில் எடுத்தது பண்டமாற்று. உன்னிடம் ஒரு இதழ் இரண்டு பிரதி இருக்கிறது, என்னிடம் இல்லை, எனக்குக் கொடு. உனக்கு இல்லாதது என்னிடம் இருந்தால் நான் தருகிறேன். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி, அடுத்த வாரம் காபிப்பொடி கொடுப்பது மாதிரி. காசில்லாத சிறிய மருத்துவ நூலகங்கள் இப்படித்தான் தங்கள் தொகுப்புகளை நிரப்பிக்கொண்டன.

போர்க்காலத்தில் வாரச் செய்தி

பில்லிங்ஸ் போன பிறகு நூலகம் கொஞ்சம் தூங்கிப்போனது. இடம் போதவில்லை, பணம் போதவில்லை. 1944-இல் நூலகத் துறை நிபுணர்கள் ஆராய்ந்து கொடுத்த அறிக்கை நிலைமையைக் கடுமையாக விமர்சித்தது.

அந்தச் சோம்பலான காலத்திலும் ஒரு மனிதர் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். ஆதர்டன் சைடெல். அவர் நூலகரே இல்லை, ஒரு வேதியியலாளர். தூரத்தில் இருக்கும் ஆராய்ச்சியாளருக்கு முழு இதழை அனுப்புவதைவிட வேண்டிய கட்டுரையை மட்டும் மைக்ரோஃபிலிமில் படம் எடுத்து அனுப்பினால் என்ன என்று யோசித்து, 1930-களின் இறுதியில் அந்தச் சேவையை நூலகத்தில் ஆரம்பித்துவைத்தார். பிறகு "ராணுவ மருத்துவ நூலகத்தின் நண்பர்கள்" என்ற குழுவின் சார்பில் 1941 ஜனவரியில் ஒரு வாரப் பட்டியல் வரத் தொடங்கியது. இந்த வாரம் என்னென்ன இதழ்கள் வந்தன, உள்ளே என்ன கட்டுரைகள் என்பதுதான் அதில் இருக்கும். பார்த்துவிட்டு எழுதிப் போட்டால் மைக்ரோஃபிலிம் வரும்.

அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் இருந்த ராணுவ மருத்துவர்களுக்குப் புத்தகம் அனுப்பக் கப்பலில் இடம் இல்லை. மைக்ரோஃபிலிம் சுருள் சட்டைப் பையில் அடங்கும். லட்சக்கணக்கான பக்கங்கள் இப்படிப் போயின. 1942-இல் அரிய பழைய நூல்களைப் பாதுகாப்புக்காக க்ளீவ்லேண்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

யாருடைய நூலகம்?

போருக்குப் பிறகு இது ராணுவத்தின் சொத்தாகவே இருக்க வேண்டுமா என்ற பேச்சு வலுத்தது. பயன்படுத்துவது நாடு முழுக்க உள்ள டாக்டர்கள், செலவு மட்டும் ராணுவக் கணக்கில். டிபேக்கி போன்ற மருத்துவர்கள் இதை விடாமல் பேசினார்கள். (இதய அறுவை சிகிச்சையில் பெரும் புகழ் பெற்ற அதே மைக்கேல் டிபேக்கிதான்.) 1956-இல் செனட்டர்கள் லிஸ்டர் ஹில்லும் ஜான் கென்னடியும் மசோதா கொண்டுவந்தார்கள். சிகாகோவில்தான் நூலகம் அமைய வேண்டும் என்று ஒரு கோஷ்டி இழுத்தது. கடைசியில் வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டா முடிவாயிற்று. தேசிய மருத்துவ நூலகம் என்ற பெயர் வந்தது. 1962-இல் புதிய கட்டிடம் திறந்தது. பனிப்போர்க் காலம் என்பதால் நூல்களைத் தரைக்குக் கீழே வைக்கும்படி கட்டினார்கள்.

1965-இல் வந்த மருத்துவ நூலக உதவிச் சட்டம் இன்னும் முக்கியம். தலைநகரில் ஒரு பெரிய நூலகம் இருந்தால் போதுமா? மலையோர ஊரில் இருக்கும் டாக்டருக்கு அதனால் என்ன லாபம்? நாட்டைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருத்துவ நூலகத்தைப் பொறுப்பாக்கி, சின்ன மருத்துவமனை நூலகங்களை அதோடு கோத்துவிட்டார்கள். 1898-இல் எட்டுப் பேர் கைமாற்றாக ஆரம்பித்தது இப்போது அரசாங்கப் பணத்தோடு ஒரு வலையமைப்பாயிற்று.

கம்ப்யூட்டர் வந்தது

1960-இல் நூலகம் ஒரு பொதுவான தலைப்புச் சொல் பட்டியலைக் கொண்டுவந்தது. இதன் அவசியத்தை நம் ஊர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒருவர் மாரடைப்பு என்று எழுதுவார், இன்னொருவர் ஹார்ட் அட்டாக் என்பார், மூன்றாமவர் பெரிய மருத்துவப் பெயரில் எழுதுவார். மூன்றும் ஒன்றுதான் என்று யாராவது கட்டிவைத்தால்தான் தேடுகிறவருக்கு மூன்றும் கிடைக்கும். இந்த வேலையைச் செய்ய மருத்துவம் தெரிந்த மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையையும் பார்த்தார்கள்.

1964-இல் "மெட்லார்ஸ்" என்ற கம்ப்யூட்டர் அமைப்பு இயங்கத் தொடங்கியது. டாக்டர் கேள்வியை எழுதி அனுப்புவார், பயிற்சி பெற்றவர் அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றுவார், பதில் தபாலில் வரச் சில வாரம் ஆகும். 1971-இல் "மெட்லைன்" வந்ததும் தொலைபேசிக் கம்பி வழியாக நேரடியாகத் தேட முடிந்தது. ஆனால் ஒரே சமயத்தில் 25 பேர்தான் நுழைய முடியும்! இந்தியாவுக்கும் இது வந்தது. 1986-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய தகவல் மையமும் சேர்ந்து டெல்லியில் ஒரு மெட்லார்ஸ் மையத்தைத் தொடங்கின.

அப்போதெல்லாம் தேடுவதற்குக் கட்டணம் உண்டு. 1997 ஜூன் 26 அன்று துணை ஜனாதிபதி அல் கோர், இனி மெட்லைனை பப்மெட் வழியாக யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம் என்று அறிவித்தார். அதற்கு முன் வருஷத்துக்குச் சுமார் 70 லட்சம் தேடல்கள். இலவசமானதும் சில வருஷங்களில் அது பல கோடியானது.

நூலகத்தாரே எதிர்பாராத ஒரு விஷயம் தெரியவந்தது. தேடுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. நோயாளிகள், நோயாளிகளின் அம்மா அப்பாக்கள், சாதாரண ஜனங்கள்!

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. "லோரென்சோஸ் ஆயில்" படத்தை (1992) சிலர் பார்த்திருப்பீர்கள். அது நிஜக் கதை. 1984-இல் லோரென்சோ ஓடோன் என்ற சிறுவனுக்கு மூளையை அழிக்கும் அரிய பரம்பரை நோய் என்று தெரிந்தது. அப்பா உலக வங்கியில் பொருளாதார நிபுணர், மருத்துவம் தெரியாதவர். அவரும் மனைவியும் மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்து, விஞ்ஞானிகளைக் கூட்டிப் பேசவைத்து, ஒரு எண்ணெய்க் கலவையைக் கொண்டுவந்தார்கள். அறிகுறிகள் தொடங்கிவிட்டவர்களை அது குணப்படுத்தவில்லை. சினிமாவில் காட்டிய அளவு அற்புதம் நிஜத்தில் நடக்கவில்லை. ஆனால் சில வருஷம்கூடத் தாங்க மாட்டான் என்று சொல்லப்பட்ட பையன் 30 வயது வரை வாழ்ந்து 2008-இல் இறந்தான். படிக்கத் தெரிந்த பெற்றோருக்கு நூலகக் கதவு திறந்தால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அவர்கள் சாட்சி.

பொதுமக்களுக்காகவே 1998 அக்டோபரில் "மெட்லைன்பிளஸ்" தொடங்கப்பட்டது. முதலில் இருபத்துச் சொச்சம் தலைப்புகள். எளிய மொழி, விளம்பரம் கிடையாது, மருந்துக் கம்பெனி கிடையாது. உடல்நலச் செய்திகளையும் சேர்த்துத் தந்தார்கள்.

கிடைக்காமல் போன செய்தி

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்த இடம் இது.

2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றி ஒரு ஆய்வு. நல்ல ஆரோக்கியமாக இருந்த 24 வயதுப் பெண் ஒருவர் தன்னார்வலராகச் சேர்ந்தார். அவருக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். நுரையீரல் பாதிக்கப்பட்டு ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்.

அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950-களிலேயே மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். ஆய்வாளர் தேடவே இல்லை என்று சொல்ல முடியாது. பப்மெட்டில் தேடினார். ஆனால் அன்றைய பப்மெட் 1966-க்குப் பின் வந்தவற்றையே காட்டியது. அதற்கு முந்தையவை தடித்த அச்சுத் தொகுதிகளில், அலமாரியில் இருந்தன. அவற்றை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. விசாரணை வந்தது. மத்திய அரசு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிகளைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தது.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டபோது அதன் கட்டிடத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம பில்லிங்ஸ்தான்! ஒரு கையால் அந்த மருத்துவமனையையும் இன்னொரு கையால் அந்தப் பட்டியலையும் உருவாக்கினார். பட்டியலின் வாரிசுத் தொகுதிகள் அலமாரியில் காத்துக்கொண்டிருந்தன. கேள்வி கேட்க ஆள் வரவில்லை.

இணையத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. நமக்கு அதனால் மதிப்பெண் குறையும். அங்கே ஒரு உயிர் போயிற்று. பிறகு பழைய பட்டியல்களைக் கணினியில் ஏற்றும் வேலை நடந்தது. இன்று மெட்லைன் 1946 வரை பின்னோக்கிப் போகிறது. ஆய்வு தொடங்கும் முன் ஒரு நூலகரைக் கேளுங்கள் என்ற பேச்சுக்கும் மரியாதை வந்தது. அச்சில் வந்த இண்டெக்ஸ் மெடிக்கஸ் மட்டும் 2004 டிசம்பரோடு நின்றது. பில்லிங்ஸ் தொடங்கி 125 வருஷம் முடிந்திருந்தது.

வெள்ளம், பூகம்பம், கொள்ளைநோய்

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. டூலேன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியே ஹூஸ்டனுக்கு இடம் மாறி வகுப்பு நடத்த வேண்டி வந்தது. இப்படி ஒரு ஊரின் நூலகமே முடங்கினால் இன்னொரு ஊர் நூலகம் அதன் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வலையமைப்பு நூலகங்கள் அதன்பின் முறையாகத் திட்டம் போட்டன. 2010-இல் ஹெய்ட்டி பூகம்பத்தின்போது பதிப்பகங்களோடு பேசி, மீட்புப் பணி டாக்டர்களுக்குக் கட்டண இதழ்களையும் நூல்களையும் தற்காலிகமாக இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2011 ஜப்பான் சுனாமியின்போதும் அப்படியே.

கட்டுரையின் தலைப்பு இலவசமானது, முழுக் கட்டுரை? அதற்கும் நீண்ட சண்டை நடந்தது. 2000-இல் முழுக் கட்டுரைகளுக்காக "பப்மெட் சென்ட்ரல்" தொடங்கியது. அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி 12 மாதத்துக்குள் அதில் இலவசமாக வர வேண்டும் என்று 2008-இல் விதி வந்தது. 2025 ஜூலை முதல் அந்தப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பும் எடுக்கப்பட்டது. 2020 ஜனவரியில் புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசை உலகத்துக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று இந்த நூலகம் பராமரிக்கும் ஜென்பேங்க். தடுப்பூசி வேலை அந்த வரிசையை வைத்துத்தான் உலகெங்கும் தொடங்கியது.

கடைசியாக

திரும்பிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். சட்டமும் பணமும் எப்போதும் இரண்டாவதாகத்தான் வந்தன. முதலில் பரணில் இருந்த இதழைக் கட்டி அனுப்பிய டாக்டர் வந்தார். நஷ்டப்பட்டும் அச்சடித்த பதிப்பாளர் வந்தார். சர்க்கரை கைமாற்று மாதிரி பத்திரிகை கைமாற்றிய எட்டுப் பேர் வந்தார்கள். மைக்ரோஃபிலிம் எடுத்த வேதியியலாளர் வந்தார். அவர்கள் செய்துகாட்டிய பிறகே அரசாங்கம் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது.

அதே சமயம், அவர்களால் மட்டும் நிலைத்திருக்கவும் முடியவில்லை. லைபோல்டின் கதையைப் பாருங்கள். நல்ல மனசு ஒரு இதழைத் தொடங்கும், இருபது வருஷம் தாங்காது. இன்று பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கும் அதிகமான பதிவுகளை நாம் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து இலவசமாகத் தேடுகிறோம் என்றால், அந்தச் செலவை எங்கோ ஒரு நாட்டின் வரி செலுத்துவோர் வருஷா வருஷம் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அது இயற்கையாகக் கிடைத்த மழைத்தண்ணீர் இல்லை. யாரோ வெட்டி, யாரோ தூர்வாரி வைத்திருக்கும் குளம். தூர்வாருவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த முறை உங்கள் கல்லூரி நூலகத்தில் ஏதாவது கிடைக்கவில்லை என்றால், எழுந்து வருவதற்கு முன் அங்கே இருக்கும் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இணையத்தில் இல்லாத ஒன்று அவருக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் இருக்கலாம்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.